திருகு இறுகியிருந்தது, ஸ்கோப் விலகியிருந்தது: அழகர்மலை அடிவாரத்தில் ஒரு மயக்க ஊசி நிகழ்வு

பின்னணி

வேட்டைக்கு இடமில்லாத நம் நாட்டில், ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டிய துப்பாக்கியோடு சட்டப்படி காட்டோரம் போகிறவர்கள் பெரும்பாலும் மயக்க ஊசி போடப் போகிறவர்கள்தான். அந்தத் துப்பாக்கி வெகுதூரம் பயணம் போய்வந்தபின் ஸ்கோப் சொன்ன இடத்தில் ஊசி விழாமல் போன நிகழ்வு இது. ஆட்களின் பெயரும் ஊரின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன.

இடம், மதுரையிலிருந்து நத்தம் போகும் சாலைக்குக் கிழக்கே அழகர்மலையின் அடிவாரம். மாந்தோப்புகளும் காய்ந்த கண்மாய்களும் காட்டு எல்லையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் பகுதி. மே மாதம். தண்ணீர் தேடிக் காட்டு மாடுகள் தோப்புக்குள் இறங்கும் காலம்.

ஒரு கிடேரியின் முன்னங்காலில் சுருக்குக் கம்பி இறுகியிருப்பதைத் தோப்புக் காவல்காரர் பார்த்துச் சொன்னார். பைக் கிளட்ச் ஒயரில் செய்த சுருக்கு. அறுந்த முனை ஒன்றரை அடி நீளத்துக்குத் தரையில் இழுபட்டது. கம்பி தோலை அறுத்து உள்ளே இறங்கிவிட்டதால் மயக்கி எடுப்பதைத் தவிர வழியில்லை. காட்டு மாடு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் ஊசி போட முடியாது. அனுமதி மறுநாள் விடியலுக்குள் வந்துவிட்டது. குழுவில் ஒரு வனக் கால்நடை மருத்துவர், ஒரு உதவியாளர், ஒரு வனவர், நான்கு வேட்டைத் தடுப்புக் காவலர்கள்.

துப்பாக்கி, சி.ஓ.2 வாயுவில் இயங்கும் வகை. 11 மி.மீ. குழல். விலங்கு நிற்கும் தூரத்துக்கு ஏற்ப வாயு அழுத்தத்தைத் திருகி வைத்துச் சுடுவது. குழலுக்கு மேலே டவ்டெயில் பட்டையில் (விளிம்பு உள்நோக்கிச் சரிந்த பட்டை) ஒற்றைத் துண்டு மவுண்ட், அதாவது ஸ்கோப்பைத் தாங்கும் பிடி. அதை முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டு கிளாம்ப் (கவ்வி) திருகுகள் பிடித்திருக்கும். அதன்மேல் 32 மி.மீ. முன்கண்ணாடி கொண்ட சாதாரண ஸ்கோப். 20 மீட்டரில் ஜீரோ வைக்கப்பட்டது, அதாவது சிலுவைக்கோடு நிற்கும் புள்ளியிலேயே ஊசி விழும்படி சரிசெய்யப்பட்டது. ஜீரோ பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

மயக்க ஊசி தோட்டாபோல் பறப்பதில்லை. வினாடிக்கு 65 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், 20 மீட்டர் போவதற்குள் அது ஏறக்குறைய 47 செ.மீ. கீழே இறங்கிவிடும். அந்த இறக்கத்தை ஈடுகட்டத்தான் ஸ்கோப்பும், எந்தத் தூரத்துக்கு எவ்வளவு அழுத்தம் என்று சொல்லும் அழுத்த அட்டவணையும் சேர்ந்து வேலை செய்கின்றன. இரண்டில் எது பிசகினாலும் ஊசி வேறு இடத்துக்குப் போகும். எது பிசகியது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த நிகழ்வில் பெரிய வேலையாக இருந்தது.

துப்பாக்கி வந்த வழி

பத்து நாளுக்கு முன் இதே துப்பாக்கி மதுரையிலிருந்து வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஒரு வேலைக்காகப் போயிருந்தது. அங்கே மாடு தானாகவே காட்டுக்குள் திரும்பிவிட்டதால் ஒரு ஊசிகூடச் சுடவில்லை. துணிப்பையில், ஜீப்பின் பின்பக்கம், சுருட்டிய வலைக்கும் கயிற்றுக் கட்டுக்கும் அடியில் கிடந்து மலையேறி, அப்படியே மலையிறங்கி வந்தது. நடுவில் ஒருநாள் மழையில் நனைந்ததால் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய்த் துணியால் முழுவதும் துடைத்து வைத்தார்கள். பிறகு மதுரையில் ஐந்து நாள் அறைக்குள் இருந்தது. அங்கிருந்து நேராக இந்தத் தோப்பு.

'சுடவே இல்லையே, பிறகு ஜீரோ எப்படி மாறும்' என்பது அன்றைக்கு எல்லோர் மனதிலும் இருந்த கணக்கு. சி.ஓ.2 துப்பாக்கி உதைப்பதில்லை, அதனால் சுடும்போது ஸ்கோப் அசைவதில்லை என்பது சரிதான். ஆனால் இப்படிப்பட்ட துப்பாக்கியில் திருகைத் தளர்த்துவது சுடுதல் அல்ல, வண்டி. மூன்று மணி நேரம் மலைச்சாலையில் வரும் சிறு அதிர்வு, எண்ணெய் ஊறிய கிளாம்ப், மேலே ஏற்றிய சுமை ஆகிய மூன்றும் சேர்ந்தால் போதும்.

முதல் நாள் காலை: இரண்டு ஊசிகள்

புறப்படும் முன் மருத்துவர் ஸ்கோப்பைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. இரண்டு கிளாம்ப் திருகிலும் ஆலன் கீயை வைத்து அழுத்திப் பார்த்தார். இறுக்கமாகவே இருந்தன. இந்தச் சோதனையை நம்பித்தான் தோப்புக்குள் போனார்கள்.

காலை 5.40. மாடு 21 மீட்டரில் பக்கவாட்டில் நின்றது. குறி, பின்தொடைச் சதையின் நடு. சைலசின்–கெட்டமின் கலவை நிரப்பிய 3 மி.லி. ஊசி. சுட்டதும் ஊசி குறிக்கு ஒரு சாண் அளவு மேலே, இடுப்பெலும்பு தோலுக்கு நெருக்கமாக இருக்கும் இடத்தில் பட்டுத் தெறித்தது. மாடு அறுபது எழுபது அடி ஓடி நின்றுவிட்டது. ஊசி அருகிலேயே கிடைத்தது. முனை வளைந்திருந்தது. உள்ளே மருந்து அப்படியே இருந்தது, பிஸ்டன் நகரவேயில்லை. ஆகவே மாட்டின் உடம்பில் மருந்து ஏறவில்லை, முழு அளவை மறுபடி கொடுக்கலாம் என்று மருத்துவர் முடிவு செய்தார். இதில் பிழை இல்லை. பிழை, தவறிய காரணத்தை 'அவசரத்தில் விசையை இழுத்துவிட்டேன்' என்று தன்மேலேயே போட்டுக்கொண்டு அடுத்த ஊசிக்குப் போனதில் இருக்கிறது.

6.35க்கு இரண்டாவது. தூரம் 24 மீட்டர். தொடையின் கீழ்ப்பாதியை உண்ணிச்செடிப் புதர் மறைத்ததால் குறி சற்று மேலே வைக்கப்பட்டது. ஊசி முதுகை உரசினாற்போல் மேலே பறந்து தோப்புக்குள் விழுந்தது.

"ஊசி முதுகுக்கு மேல போச்சு சார், இடது பக்கமா வளைஞ்சுச்சு, நான் பாத்தேன்" என்று வேலியோரம் நின்ற தோப்புக் காவல்காரர் சொன்னார். அன்று காலை கிடைத்த தகவல்களிலேயே இதுதான் மிகப் பயனுள்ளது. சுடுகிறவர் கண் ஸ்கோப்புக்குள் இருக்கும். ஊசி எங்கே போனது என்பதைப் பக்கத்தில் நிற்பவர்தான் தெளிவாகப் பார்ப்பார்.

நிறுத்துவது என்ற முடிவு

முதலில் செய்தது ஊசியைத் தேடியது. மருந்து நிரம்பிய, உள்ளே காற்றழுத்தம் ஏற்றிய ஊசி அது. மிதித்தால் பாய்ந்துவிடும். ஆடு மேய்க்கிறவர்கள் நடமாடும் தோப்பு. ஆறு பேர் வரிசையாக நின்று சருகைக் குச்சியால் விலக்கித் தேடி, 50 நிமிடத்தில் எடுத்தார்கள். இரண்டு ஊசியும் கணக்கில் வந்தபிறகே வேறு பேச்சு.

மூன்றாவது ஊசியைப் போட்டுப் பார்க்கலாம் என்ற கருத்து எழுந்தது. ஊர்க்காரர்கள் நாற்பது ஐம்பது பேர் சேர்ந்துவிட்டார்கள், செல்போன் கேமராக்கள் எழுந்துவிட்டன. மாடும் கண் எதிரிலேயே நின்றது. மருத்துவர் மறுத்தார். அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. இரண்டு ஊசியும் ஒரே திசையில், மேல்பக்கமும் இடதுபக்கமுமாக விலகியிருக்கின்றன. கை நடுங்கினால் ஒன்று மேலே போகும், ஒன்று கீழே போகும், இப்படி ஒரே பக்கம் போகாது. அடுத்தது, 8 மணி தாண்டினால் வெயில் ஏறும். மயக்கத்தில் கிடக்கும் காட்டு மாட்டுக்கு உடல் சூடு தாறுமாறாக ஏறினால் கம்பியை எடுத்தும் பயனில்லை.

அன்று மாலையே முயல்வதும் விலக்கப்பட்டது. மாலை 5 மணிக்கு ஊசி பட்டு மாடு காட்டுக்குள் ஓடிவிட்டால் இருட்டில் தேட வேண்டிவரும். மறுநாள் விடியல் என்று முடிவானது. இரண்டு காவலர்கள் மாட்டைத் தூரத்திலிருந்து கவனித்துக்கொண்டே இருந்தார்கள்.

கண்மாயில் சோதனை

காலை 9.30. அருகில் வறண்ட கண்மாய். கரைமண் பின்தடுப்பாக அமையும்படி, சாக்கு சுற்றிய வைக்கோல் கட்டு ஒன்றை நிறுத்தி, சாக்கில் சுண்ணாம்புக்கட்டியால் 10 செ.மீ. வட்டம் வரைந்தார்கள். 20 மீட்டரை டேப்பால் அளந்தார்கள். அதே தூரத்தை ரேஞ்ச் ஃபைண்டரிலும் பார்த்தார்கள். 20 என்றே காட்டியது. தூரக் கருவியில் பிழை இல்லை என்பது உறுதியானது. இந்தத் தூரத்தில் ஒரு மீட்டர் தப்பினால் ஊசி சுமார் 2 செ.மீ. ஏறி இறங்கும், அவ்வளவுதான்.

பயிற்சி ஊசியில் 3 மி.லி. தண்ணீர் நிரப்பினார்கள். காலி ஊசியைச் சுட்டுப் பார்ப்பது பலர் செய்யும் தவறு. 3 கிராம் எடை குறைந்தால் ஊசி வேகமாகவும் மேலாகவும் போகும், அதைப் பார்த்து ஸ்கோப்பைத் திருப்பினால் நிஜ ஊசி கீழே விழும். வால்பகுதியும் பார்க்கப்பட்டது. பையில் நசுங்கிய வால்கள் இரண்டு இருந்தன, அவை ஒதுக்கப்பட்டன. துப்பாக்கியை மடித்த சாக்கின்மேல் தாங்கலாக வைத்து, ஒவ்வொரு முறையும் அழுத்தத்தை அட்டவணைப்படி புதிதாக வைத்துச் சுட்டார்கள். அந்த அழுத்த எண்ணை இங்கே எழுதாததற்குக் காரணம் உண்டு. குழல் விட்டம், ஊசி அளவு, துப்பாக்கி என ஒவ்வொன்றுக்கும் அது மாறும். ஒரு துப்பாக்கியின் எண்ணை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்வது ஆபத்து.

மருத்துவர் ஐந்து ஊசி சுட்டார். ஐந்தும் 7 செ.மீ. பரப்புக்குள் விழுந்தன. இந்தத் துப்பாக்கிக்கு அது வழக்கமான பரப்பு. ஆனால் அந்தக் கூட்டத்தின் நடு, குறிக்கு 16 செ.மீ. மேலே, 4 செ.மீ. இடதில் இருந்தது. அடுத்து வனவர் மூன்று சுட்டார். அவையும் அதே இடத்தில் விழுந்தன. சுடுபவர் மாறியும் இடம் மாறாததால் கைப்பிழை என்ற சந்தேகம் தீர்ந்தது.

அழுத்தமா என்று பார்த்தார்கள். ஊசி இறங்கும் அளவு ஏறக்குறைய அழுத்தத்துக்கு எதிர்விகிதமாக மாறும். 47 செ.மீ. இறங்க வேண்டியது 31 செ.மீ. மட்டும் இறங்க வேண்டுமென்றால் அழுத்தம் ஒன்றரை மடங்கு ஏறியிருக்க வேண்டும். பிரஷர் கேஜில் அப்படி எதுவும் தெரியவில்லை, வாயு மாற்றியபிறகும் இடம் மாறவில்லை. அழுத்தம் வைத்தபின் துப்பாக்கியை வெயிலில் வைத்திருந்தால் கொஞ்சம் ஏறும். 30 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குப் போனால் 5 விழுக்காடு. ஊசி இரண்டு செ.மீ. மேலே போகும். 16 செ.மீ. போகாது. அதோடு, அழுத்தம் ஏறினால் ஊசி மேலே போகுமே தவிர இடது பக்கம் போகாது.

கண்ணை ஸ்கோப்பின் நடுவில் வைக்காததால் வரும் பிழை? ஸ்கோப் 100 கஜத்துக்கு அமைக்கப்பட்டது என்றால், 20 மீட்டரில் 32 மி.மீ. கண்ணாடிக்கு அதிகபட்சம் ஒன்றேகால் செ.மீ. அதுவும் கணக்குக்கு வராது.

மீதி இருந்தது ஸ்கோப். ஸ்கோப்பின் குறியை நகர்த்தும் திருகுமுனையின் ஒரு நகர்வு, அதாவது ஒரு கிளிக் என்பது கால் எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரி கோணத்தில் அறுபதில் ஒரு பங்கு), 20 மீட்டரில் அது ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 16 செ.மீ. என்றால் 110 கிளிக். யாரோ தவறுதலாகத் திருகியிருந்தால்கூட இவ்வளவு போகாது. மூடியைத் திறந்து பார்த்தபோது திருகுமுனை எட்டு மாதத்துக்கு முன் எழுதிவைத்த எண்ணிலேயே நின்றது. ஆகவே ஸ்கோப்பின் உள்ளே எதுவும் மாறவில்லை. ஸ்கோப் முழுதாகவே சாய்ந்திருக்கிறது.

20 மீட்டரில் 16 செ.மீ. என்பது ஆயிரத்துக்கு எட்டு என்ற சாய்வு. மவுண்டின் நீளம் 110 மி.மீ. பெருக்கினால் 0.9 மி.மீ. ஊசி மேலே போகிறது என்றால் ஸ்கோப்பின் பின்பக்கம் தூக்கியிருக்க வேண்டும். உதவியாளர் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மூன்று முறை மடித்தார். எட்டு அடுக்கு, தோராயமாக 0.8 மி.மீ. அதை மவுண்டின் பின்விளிம்புக்கும் பட்டைக்கும் நடுவில் வைத்துத் தள்ளியபோது தடையில்லாமல் உள்ளே போனது. முன்விளிம்பில் ஒற்றைத் தாள்கூட நுழையவில்லை. கறுப்பு மவுண்ட், கறுப்புப் பட்டை, ஸ்கோப்பின் நிழல். அத்தனை நாளும் அந்த இடைவெளி யார் கண்ணிலும் படவில்லை.

என்ன நடந்திருந்தது

கொடைக்கானல் போய்வந்த மறுநாள், பையிலிருந்து எடுத்தபோது ஸ்கோப் லேசாக ஆடியதைக் காவலர் ஒருவர் கவனித்திருக்கிறார். பின்கிளாம்ப் திருகை நன்றாக இறுக்கிவிட்டு வைத்துவிட்டார். கேட்டபோது, "ஆடுச்சுண்ணே, கழண்டு விழுந்துறக் கூடாதேன்னு இறுக்கி வச்சேன். வேற ஒண்ணும் பண்ணல" என்றார். நல்லெண்ணத்தில் செய்ததுதான். அவரிடம் இதை எழுதிவைக்கச் சொல்லி யாரும் எப்போதும் சொன்னதில்லை, எழுத ஒரு நோட்டும் இருந்ததில்லை.

நடந்ததை இப்படிக் கோக்கலாம். எண்ணெய்த் துணியால் துடைத்தபோது எண்ணெய் டவ்டெயில் பள்ளத்துக்குள் ஊறியது. திரும்பி வரும் வழியில் மலைச்சாலை அதிர்வில் பின்கிளாம்ப் தளர்ந்தது. பையின்மேல் கிடந்த வலை ஸ்கோப்பின் முன்தலையை அழுத்தியது. முன்கிளாம்ப் இன்னும் பிடித்திருந்ததால் அது நெம்புகோலின் தாங்குபுள்ளிபோல ஆகி, முன்தலை கீழே போகப் பின்பக்கம் மேலே தூக்கியது. கிளாம்பின் தாடை பட்டையின் சரிவில் அடியில் பிடிக்க வேண்டியது, விளிம்பில் ஏறிக் கோணலாகக் கவ்வியது. அந்த நிலையிலேயே திருகை இறுக்கியதால் கோணல் உறுதியாகிவிட்டது. அதனால்தான் மருத்துவர் ஆட்டிப் பார்த்தபோது அசையவில்லை, ஆலன் கீயும் நகரவில்லை. திருகு இறுக்கமா என்று பார்க்கும் சோதனைக்கு, மவுண்ட் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று தெரியாது. திருகு தளர்ந்தே இருந்திருந்தால் அன்று காலையே பிடிபட்டிருக்கும்.

கிளிக் திருப்பாமல் கழற்றியது ஏன்

மணி 11 ஆகியிருந்தது. '110 கிளிக் கீழே, 27 கிளிக் வலது திருப்பிவிட்டால் சரியாகிவிடுமே' என்ற யோசனை வந்தது. எண்கணிதப்படி சரி. மருத்துவர் ஒப்புக்கொள்ளவில்லை. விளிம்பில் கவ்வியிருக்கும் தாடை அடுத்த குலுக்கலில் நழுவி இடத்தில் உட்கார்ந்துவிடும். அப்போது ஊசி 16 செ.மீ. கீழே போகும், அதாவது தொடைக்குப் பதில் முழங்காலில். தவிர, ஸ்கோப்பைத் திருகி ஓரத்துக்குக் கொண்டுபோனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சரியாக அழுத்திப் பிடிக்காது, கிளிக்குகள் ஒரே அளவாக நகராது. காரணம் தெரியாத விலகலைக் கிளிக்கால் சரிசெய்வது காய்ச்சலுக்கு ஐஸ் வைப்பதுபோல என்றார் வனவர். இதில் காரணம் தெரிந்தே இருந்தது என்பதால் கழற்றுவதற்குத் தயக்கமே தேவையில்லை.

மறுபடி பொருத்திய விதம்

முதலில் வாயுவை முழுக்க வெளியேற்றி, குழலில் ஊசி இல்லை என்று இருவர் தனித்தனியே பார்த்தார்கள். ஸ்கோப்பை, அதை மவுண்டில் பிடித்திருக்கும் வளையங்களிலிருந்து எடுக்கவில்லை. மவுண்டோடு சேர்த்தே பட்டையிலிருந்து கழற்றினார்கள். வளையத்தைத் திறந்தால் ஸ்கோப் சுழன்று சிலுவைக்கோடு சாய்ந்துவிடும், அது இன்னொரு வேலை.

பட்டையின் பள்ளத்தையும் கிளாம்ப் தாடைகளையும் மருத்துவப் பெட்டியில் இருந்த ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் மூன்று முறை துடைத்தார்கள். முதல் இரண்டு பஞ்சும் கறுத்து வந்தன. பின்தாடையின் உள்விளிம்பில், கவ்விய இடத்தில், கறுப்புப் பூச்சு நகக்கண் அளவுக்கு உரிந்து அலுமினியம் பளிச்சென்று தெரிந்தது. தாடை சிதையவில்லை, மறுபடி பயன்படுத்தலாம் என்று பார்த்து முடிவு செய்தார்கள். பள்ளமாக அமுங்கியிருந்தால் மவுண்டை மாற்றித்தான் ஆக வேண்டும்.

மவுண்டைப் பட்டையில் வைத்து, நிறுத்துமுனையில் முட்டும்வரை பின்னே தள்ளி, கட்டைவிரலால் நடுவில் கீழே அழுத்திக்கொண்டே இரண்டு திருகையும் மாற்றி மாற்றி அரைச் சுற்று வீதம் இறுக்கினார்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் கோணல் மறுபடி வரும். முறுக்குவிசை அளக்கும் கருவி கைவசம் இல்லை. ஆலன் கீயின் குட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்துத் திருகும் அளவோடு நிறுத்தினார்கள். நீளக் கையைப் பிடித்து முழுப் பலத்தோடு திருகினால் அலுமினிய மரை போய்விடும். பிறகு மடித்த தாளால் முன்னும் பின்னும் சோதித்தார்கள். எங்கும் ஒற்றைத் தாள் நுழையவில்லை.

அடையாளக் கோட்டுக்குப் பெயிண்ட் பேனா இல்லை. உதவியாளர் ஊருக்குள் போய் ஒரு பாட்டில் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கிவந்தார். திருகின் தலையிலிருந்து மவுண்டுக்கு ஒரு கோடு, மவுண்டிலிருந்து பட்டைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கோடு. திருகு நகர்ந்தால் முதல் கோடு உடையும், மவுண்ட் நகர்ந்தால் மற்றவை உடையும். இரண்டும் வேறு வேறு தகவல். திருகுத்தலையில் மட்டும் கோடு போடுகிறவர்கள் இந்த நிகழ்வில் நடந்ததைக் கண்டுபிடிக்க முடியாது.

மாலை 4 மணிக்கு மறுபடி ஐந்து ஊசி. நடுப்புள்ளி 3 செ.மீ. கீழே, 2 செ.மீ. வலது. உடனே 20 கிளிக் மேலே திருப்பலாம் என்று கை போனது. ஆனால் 7 செ.மீ. பரப்பில் சிதறும் ஐந்து ஊசியின் நடுவை ஒன்று ஒன்றரை செ.மீ. துல்லியத்துக்கு மேல் நம்ப முடியாது. இன்னும் ஐந்து சுட்டார்கள். பத்தின் நடு 1 செ.மீ. கீழே, 1 செ.மீ. வலது என்று வந்தது. ஸ்கோப்பைத் தொடவே இல்லை. எட்டு மாதத்துக்கு முந்தைய ஜீரோவே திரும்பி வந்துவிட்டது. ஸ்கோப்பின் உள்ளே பழுதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. 15 மீட்டரிலும் 25 மீட்டரிலும் அந்தந்த அழுத்தத்தில் மும்மூன்று ஊசி சுட்டு, அட்டவணை பொருந்துகிறதா என்று பார்த்தார்கள். பொருந்தியது.

மறுநாள்

இரவு துப்பாக்கி ஜீப்பில் வைக்கப்படவில்லை. தோப்பு வீட்டில், சுமை எதுவும் படாமல் கட்டிலின்மேல் கிடந்தது. விடிகாலை 5 மணிக்கு டார்ச் அடித்துச் சிவப்புக் கோடுகளைப் பார்த்து, தண்ணீர் ஊசி இரண்டு மட்டும் 20 மீட்டரில் சுட்டார்கள். இரண்டும் வட்டத்துக்குள்.

5.50க்கு 18 மீட்டரில் ஊசி பின்தொடையில் நேராகப் பாய்ந்தது. 9 நிமிடத்தில் கிடேரி படுத்தது. கண்ணைத் துணியால் கட்டி, நெஞ்சுப்பக்கமாக நிமிர்த்தி வைத்து, தலையைத் தூக்கிப் பிடித்தார்கள். அசைபோடும் விலங்கு பக்கவாட்டில் சாய்ந்தால் வயிறு உப்பும், இரைப்பையிலிருந்து வருவது மூச்சுக்குழாய்க்குள் போகும். கம்பியை வெட்டி எடுத்து, புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, மயக்கத்தை முறிக்கும் யோஹிம்பின் கொடுத்தார்கள். எழுந்து நின்று ஒருமுறை எல்லோரையும் திரும்பிப் பார்த்துவிட்டுக் காட்டுப் பக்கம் போனது. ஊசி பட்டதிலிருந்து 31 நிமிடம். இரண்டு வாரம் கழித்துக் காவலர்கள் அதைக் கூட்டத்தோடு பார்த்தார்கள். லேசாக நொண்டியது.

மாற்றியவை

துணிப்பை போய், நுரைப்பஞ்சு வெட்டிப் பொருத்திய கடினப் பெட்டி வந்தது. ஸ்கோப்பின் முன்தலைக்கும் பின்கண்ணாடிக்கும் அடியில் நுரை தொடாமல் இடம் விடப்பட்டது. நுரை தாங்க வேண்டியது துப்பாக்கியின் உடலை. ஸ்கோப்பைத் தாங்கினால் ஒவ்வொரு குலுக்கலும் மவுண்டுக்குத்தான் போகும். பெட்டியின்மேல் எதுவும் ஏற்றக் கூடாது என்று மூடியிலேயே தமிழில் எழுதியாயிற்று.

முறுக்குவிசை ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கினார்கள். வளையத் திருகுகளுக்கு 2 நியூட்டன் மீட்டருக்கு மேல் போவதில்லை. கிளாம்புக்கு மவுண்டோடு வந்த தாளில் உள்ள அளவு. கிளாம்ப் திருகில் திருகு தளராமல் பிடிக்கும் நீலநிற மரைப்பசை ஒரு சொட்டு. பசை ஈரமாக இருக்கும்போது மரை வழுக்கும், ஒரே விசையில் திருகு இன்னும் ஆழமாக இறங்கும் என்பதால் அளவைச் சற்றுக் குறைத்தே வைக்கிறார்கள். எண்ணெய் போடுகிறவர் பட்டையைத் தொடக் கூடாது என்பதும் சேர்ந்தது.

பெட்டிக்குள் ஒரு அட்டை இருக்கிறது. கடைசி ஜீரோ நாள், தூரம், ஊசி அளவு, ஸ்கோப் திருகுமுனை நிற்கும் எண், அதற்குப்பின் யார் எந்தத் திருகைத் தொட்டார்கள் என்பது. தளர்ந்த திருகைக் கண்டால் இறுக்காமல், சிவப்பு நாடா கட்டிச் சொல்வது காவலர்களுக்கு இப்போது பழகிவிட்டது. திருகை இறுக்கிய அந்தக் காவலர்தான் அட்டையை வைத்திருக்கிறார், மற்றவர்களைவிட ஒழுங்காக எழுதுகிறார்.

எவ்வளவு தூரம் பயணம் போனாலும், போன இடத்தில் மருந்து நிரப்பும் முன் தண்ணீர் ஊசி ஐந்து. இதில் மட்டும் இன்னும் முழு உடன்பாடு வரவில்லை. கிணற்றில் விழுந்த மாடு, ஊருக்குள் புகுந்த மாடு என்று நள்ளிரவில் அழைப்பு வந்தால் ஐந்து ஊசிக்கும் வைக்கோல் கட்டுக்கும் நேரம் எங்கே என்கிறார் வனவர். இப்போதைக்கு ஒத்துக்கொண்டது: சிவப்புக் கோடுகள் உடையாமல் இருந்தால் இரண்டு ஊசி போதும். கோடு ஒன்று உடைந்திருந்தாலும் ஐந்து சுடாமல் மருந்துப் பெட்டியைத் திறப்பதில்லை. ஜீப்பில் ஒரு வைக்கோல் கட்டு எப்போதும் கிடக்கிறது.